13 மீட்டர் வராந்தா போதும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரிகளில் இயற்பியலும் மின்னணுவியலும் இயந்திரவியலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,



‘நம்ம மாவட்டத்துக்கும் ஒரு சாட்டிலைட்’ என்ற பேச்சு கல்லூரி விழா மேடைகளில் அடிபடத் தொடங்கியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று விண்ணுக்குப் போனது. பிறகு எஸ்.ஆர்.எம். அனுப்பியது, சத்யபாமா அனுப்பியது, குமரி மாவட்டத்து நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகமும் அனுப்பியது. நாம் மட்டும் ஏன் வேடிக்கை பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வரிசையை மாற்றுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். செயற்கைக்கோளை முதலில் கேட்காதீர்கள். எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் வெற்றிடக் குழாயைக் கேளுங்கள். அது நம் மாவட்டத்திலேயே, நம் ஆட்கள் கையாலேயே, உங்கள் கல்லூரி வராந்தாவிலேயே நடக்கக்கூடிய காரியம். எப்படி என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒரு சம்பவம். 2017 ஜூன் 23 காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-38 கிளம்பியது. கார்ட்டோசாட்-2 வரிசைச் செயற்கைக்கோள் ஒன்று, கூடவே முப்பது சின்னவை. அந்த முப்பதில் நம் நாட்டுடையது ஒன்றே ஒன்று. நான் மேலே சொன்ன நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ எடையுள்ள ‘நியூசாட்’. பயிர்களையும் பேரிடர்களையும் கண்காணிக்கும் கேமரா அதில் இருந்தது. நம் பத்திரிகைகள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதும்தான். அதே ராக்கெட்டில் செக் நாட்டிலிருந்து வந்த இன்னொரு பொட்டலத்தைப் பற்றி இங்கே யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அதன் பெயர் வஸ்லுசாட்-1. எடை 2 கிலோ சுமார். கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். அதற்குள் ஓர் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி உட்கார்ந்திருந்தது. தங்கம் பூசிய மெல்லிய தட்டைத் தகடுகளை வரிசையாக அடுக்கி, சிங்கி இறாலின் கண் அமைப்பைப் பார்த்துச் செய்த கண்ணாடி. அது குவிக்கும் கதிரை வாங்க 256-க்கு 256 புள்ளிகள் கொண்ட டைம்பிக்ஸ் சில்லு. குவியத் தூரம் 25 சென்டிமீட்டர். அந்த இடம் பெட்டிக்குள் இல்லாததால், மேலே போனபின் நீண்டுகொள்ளும்படி செய்திருந்தார்கள்.

நம் மண்ணிலிருந்து, நம் ராக்கெட்டில், நம் கண்ணெதிரே போன கருவி அது. சின்னஞ்சிறு செயற்கைக்கோளில் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு அதுவே பதில். ஆனால் அதற்குள் என்னென்ன சிக்கல் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் ஆசைப்பட வேண்டும்.

வானிலிருந்து வரும் எக்ஸ்-கதிர் தரையை எட்டுவதில்லை, காற்று மண்டலம் விழுங்கிவிடுகிறது. ஆகவே மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அனுப்பிய சிறு ராக்கெட், விருச்சிக ராசிப் பக்கம் சூரியனைத் தாண்டிய முதல் எக்ஸ்-கதிர் மூலத்தைக் கண்டது. அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 2002-இல். இந்தியாவும் இதில் பிந்தி வந்த நாடு இல்லை. தும்பாவிலிருந்து ராக்கெட்டுகளில் எக்ஸ்-கதிர்க் கருவிகள் போயின. 1975-இல் நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவிலேயே எக்ஸ்-கதிர் வானியல் கருவி இருந்தது. மின் வழங்கல் கோளாறால் சில நாளிலேயே அந்த ஆய்வுகள் நின்றுபோயின என்பது வேறு கதை.

மேலே போனாலும் அடுத்த இடைஞ்சல் காத்திருக்கிறது. சாதாரணக் கண்ணாடியில் நேருக்கு நேர் விழும் எக்ஸ்-கதிர் திரும்பி வராது, உள்ளே புகுந்து காணாமல் போகும். பரப்பை ஒட்டினாற்போல், ஒரு பாகைக்கும் குறைவான சாய்வில் உரசவிட்டால்தான் எகிறும். கண்மாயில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கைவாட்டில் வீசித் தவளை விட்டிருப்பீர்கள். செங்குத்தாகப் போட்டால் முழுகும், உரசலாய் விட்டால் துள்ளிப் போகும். அப்படித்தான் இதுவும். இப்படி உரசும் இரண்டு கண்ணாடிகளை, ஒன்று பரவளையம், அடுத்தது அதிபரவளையம் என்று முன்பின்னாக வைத்தால் தெளிவான பிம்பம் கிடைக்கும் என்று 1952-இல் கணக்கிட்டவர் ஹான்ஸ் வோல்ட்டர் என்ற ஜெர்மானியர். அவர் மனத்தில் இருந்தது நுண்ணோக்கி. வானத்துக்குத் திருப்பியவர்கள் ஜியாக்கோனியும் ப்ரூனோ ராஸியும்.

நம் நாட்டில் இந்தக் கண்ணாடியைச் செய்தவர்கள் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார். 2015 செப்டம்பர் 28 அன்று ஏவிய ஆஸ்ட்ரோசாட்டில் இருக்கும் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி, கே.பி. சிங் தலைமையில் உருவானது. குவியத் தூரம் 2 மீட்டர், வெளிக் கண்ணாடியின் விட்டம் சுமார் 26 சென்டிமீட்டர். ஒன்றுக்குள் ஒன்றாக 40 கூடுகள். ஒவ்வொன்றும் மெல்லிய அலுமினியத் தகடு. வழவழப்பான கண்ணாடி உருளை மேல் முதலில் தங்கத்தைப் படியவைத்து, எபாக்சி தடவிய தகட்டை அதன்மேல் ஒட்டி, காய்ந்ததும் தங்கத்தோடு உரித்து எடுப்பார்கள். கண்ணாடியின் வழவழப்பு தங்கத்துக்கு வந்துவிடும். மேடு பள்ளம் ஒரு நானோமீட்டர் அளவுக்குள் அடங்க வேண்டும். பளபளப்பு வேறு, வழவழப்பு வேறு என்பதை இந்த வேலை கற்றுக்கொடுக்கும். கண்ணுக்கு முகம் தெரியும் தகடு எக்ஸ்-கதிருக்குக் கரடுமுரடான கல் மேடாக இருக்கலாம்.

இனி நம் கணக்கு. பத்து சென்டிமீட்டர் கனசதுரம்தான் கியூப்சாட்டின் ஓர் அலகு. 1999-இல் கலிஃபோர்னியாவில் இரண்டு பேராசிரியர்கள் மாணவர்களுக்காக வகுத்த அளவு. மூன்று அலகு என்றால் 30 சென்டிமீட்டர் நீளம். அதில் குவியத் தூரம் அதிகபட்சம் 30 என்று வையுங்கள். வோல்ட்டர் கண்ணாடியில் கதிர் இரண்டு முறை உரசுவதால் மொத்தம் நான்கு மடங்கு சாய்வுக் கோணம் திரும்பும். 6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைத் தங்கம் எகிறவிடும் கோணம் 0.7 பாகை சுமார். நான்கால் பெருக்கினால் 2.8 பாகை. அதன் டேன்ஜென்ட்டை 30-ஆல் பெருக்கினால் கண்ணாடியின் ஆரம் வரும்: 1.47 சென்டிமீட்டர். அதாவது கண்ணாடியின் விட்டம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீளம் 5 சென்டிமீட்டர் என்றால், வானத்தைப் பார்த்து ஒரு கூடு காட்டும் வளையத்தின் பரப்பு வெறும் அரை சதுர சென்டிமீட்டர்.

வானத்தில் நிலையாகப் பிரகாசிக்கும் எக்ஸ்-கதிர் மூலங்களில் ஒன்று நண்டு நெபுலா. அதிலிருந்து 2 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையில் சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு மூன்று ஃபோட்டான் சுமார் வரும். ஆக நம் கூட்டுக்கு நொடிக்கு ஒன்றோ இரண்டோ. உள்ளே இன்னும் பல கூடுகளை அடுக்கினால் கொஞ்சம் கூடும். இந்த இடத்தில் நிறையப் பேர் மனம் தளர்ந்துவிடுவார்கள். தளர வேண்டியதில்லை, யோசிக்க வேண்டும். கண்ணாடி அவசியமா? அயோவா பல்கலைக்கழகத்தின் ஹேலோசாட் 2018-இல் கண்ணாடியே இல்லாமல்தான் நம் விண்மீன் மண்டலத்தைச் சூழ்ந்த வெப்ப வாயுவைத் தேடியது. ஜப்பானின் ரிகென் நிறுவனம் 2023 நவம்பரில் அனுப்பிய நிஞ்சாசாட்டிலும் வாயுக் கருவிகள்தாம், கண்ணாடி கிடையாது. பெரிய தொலைநோக்கிகளுக்கு ஆயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். ஒரே மூலத்தை நாள் கணக்கில் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க அவற்றுக்கு நேரம் ஒதுக்க மாட்டார்கள். சின்னதுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. 2024-இல் சீராக வெடித்துக்கொண்டிருந்த ஒரு நியூட்ரான் விண்மீனை நிஞ்சாசாட் வாரக்கணக்கில் தொடர்ந்தது அப்படித்தான்.

அப்படியிருக்க நான் ஏன் கண்ணாடிப் பக்கம் நிற்கிறேன்? பின்னணி இரைச்சல்தான் காரணம். திறந்தவெளிக் கருவியில் விண்வெளித் துகள்கள் எல்லாம் வந்து மோதிக் கணக்கில் ஏறும். கண்ணாடி வைத்தால் கதிர் ஒரு பொட்டில் குவியும், அந்தப் பொட்டளவு சில்லை மட்டும் படித்தால் போதும், இரைச்சல் அடங்கிவிடும். இன்னொரு காரணம் நம் மாவட்டத்துக்கே உரியது. அங்கேதான் வராந்தாக் கணக்கு வருகிறது.

தொலைநோக்கியைத் தரையில் சோதிக்க ஒரு பெரிய தொல்லை உண்டு. விண்மீன் எங்கோ இருப்பதால் அதன் கதிர்கள் இணையாக வரும். பூமியில் நாம் வைக்கும் எக்ஸ்-கதிர்க் குழலோ பக்கத்தில் இருப்பதால் கதிர்கள் விரிந்து வரும். கண்ணாடியில் உரசும் கோணமே மாறிவிடும். எட்ட வைத்தால் சரியாகும், ஆனால் எட்ட வைக்க வெற்றிடம் நீள வேண்டும். 1999 ஜூலையில் விண்ணுக்குப் போன சந்திரா எக்ஸ்-கதிர் ஆய்வகத்தின் வெளிக் கண்ணாடி 1.2 மீட்டர் விட்டம். (நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது.) அதைச் சோதிக்க நாசாவின் மார்ஷல் மையத்தில், அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில்லில், அரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட வெற்றிடக் குழாய் வைத்திருந்தார்கள். 1996 கடைசியிலிருந்து 1997 நடுப்பகுதி வரை அங்கே இராப்பகலாக அளந்தார்கள். ஜெர்மனியில் மியூனிக் பக்கம் பான்ட்டர் என்ற கூடத்தில் குழாயின் நீளம் நூறு மீட்டருக்கும் மேல். இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ‘நமக்கு எட்டாது’ என்று நம்மவர்கள் ஒதுங்குகிறார்கள்.

எண்ணைப் பாருங்கள். சந்திராவின் ஆரம் 0.6 மீட்டர். குழலிலிருந்து தூரம் 525 மீட்டர் சுமார். வகுத்தால் 0.00114 ரேடியன், பாகையில் 0.065. கோணத்தில் வரும் பிழை அவ்வளவு. இப்போது நம் குட்டிக் கண்ணாடியின் ஆரத்தை, 1.47 சென்டிமீட்டரை, அதே பிழை வரும் தூரத்தில் வையுங்கள். வருவது 13 மீட்டர்.

பதிமூன்றே மீட்டர். நாசா அரை கிலோமீட்டரில் சாதித்த அதே வடிவியலை நீங்கள் ஒரு கல்லூரி வராந்தாவில் அடைகிறீர்கள். குவியம் 30 சென்டிமீட்டருக்குப் பதில் 30.7-இல் விழும். 7 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிச் சில்லை வைத்தால் சரி. கருவி சிறுக்கச் சிறுக்கச் சோதனைக்கூடமும் அதே விகிதத்தில் சிறுக்கிறது. பெரிய தொலைநோக்கிக்காரர்களுக்கு இல்லாத வசதி இது, சின்னதில் இறங்குகிறவர்களுக்கு மட்டுமே வாய்ப்பது. நான் இந்த மடல் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வகுத்தலுக்காகத்தான்.

குழாய்க்கு எங்கே போவது? திருச்சிக்கும் கீரனூருக்கும் இடையில் மாத்தூர்த் தொழிற்பேட்டையை எத்தனை முறை பேருந்தில் கடந்திருப்பீர்கள்! திருவெறும்பூர் பெல் ஆலைக்கு வேலை செய்து பழகிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அங்கே இருக்கின்றன. உயரழுத்த பாய்லர்க் குழாய் ஒட்டும் கைகள் அவை. ஆர்கான் வெல்டிங் முடிந்ததும் தையலை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, உள்ளே ஊசிமுனைக் குமிழி இருந்தாலும் அறுத்து மறுபடி ஒட்டச் சொல்வார்கள். எக்ஸ்-கதிரைத் தினசரி வேலையாகப் பார்த்த மனிதர்கள் நம் மாவட்டத்தில் இயற்பியல் துறைகளில் இருப்பதைவிடப் பட்டறைகளில்தான் அதிகம். அவர்களிடம் போய்ப் பேசுங்கள். ஒன்றை மட்டும் விளக்க வேண்டியிருக்கும். பாய்லர்க் குழாய் வெடிக்காமல் இருந்தால் பாஸ். நம் குழாய் எண்ணெய் வாடையே இல்லாமல், ஒழுகாமல் இருக்க வேண்டும். தையல் உள்பக்கமாக வர வேண்டும், வெளிப்பக்கமும் சேர்த்து ஒட்டினால் நடுவில் காற்று சிறைப்பட்டு நாள் கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு கைதேர்ந்த வெல்டரானாலும் முதலில் இரண்டு பக்கமும் ஒட்டத்தான் பார்ப்பார், பலத்துக்காக. வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

பத்து சென்டிமீட்டர் விட்டத்தில் 13 மீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் குழாய், ஒரு ரோட்டரி பம்பு, ஒரு டர்போ பம்பு, சிறிய எக்ஸ்-கதிர்க் குழல், சிலிக்கான் டிரிஃப்ட் உணர்வி ஒன்று. என் கணக்கில் சில பத்து லட்சங்களில் அடங்கும். ஒரு செயற்கைக்கோள் திட்டத்தின் பக்கத்தில் வைத்தால் இது சின்னத் தொகை, அதோடு இது கடலில் விழாது, இருபது வருடம் இருக்கும்.

குழாய் வருவதற்குள் மேசைமேல் தொடங்கலாம். எக்ஸ்-கதிர் ஆய்வகங்களில் எல்லோரும் கையில் எடுக்கும் முதல் மூலம் இரும்பு-55. அரை ஆயுள் 2.7 ஆண்டு. அது சிதைந்து உருவாகும் மாங்கனீசின் கதிர் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். உணர்வியை முன்னால் வைத்துப் பத்து நிமிடம் எண்ணவிட்டு வரைபடத்தைப் பாருங்கள். 5.9-இல் உயர்ந்த கூம்பு. அதன் வலப்பக்கம் 6.5-இல் குட்டையாக இன்னொன்று. இடப்பக்கம் தள்ளி, 4.16 அருகில், மிகச் சின்னதாக ஒன்று தலை தூக்கும். அது சிலிக்கானிலிருந்து 1.74 நழுவிப் போனதன் அடையாளம், 5.9-இலிருந்து கழித்துப் பாருங்கள். இன்னும் இடப்பக்கம் 2.96-இல் ஒன்று தெரிகிறதா? அது உங்கள் மூலத்திலும் இல்லை, உணர்வியிலும் இல்லை. அறையின் காற்றில் உள்ள ஆர்கான். பம்பை ஓட்டுங்கள். மற்ற கூம்புகள் அப்படியே வளர்ந்துகொண்டிருக்க, ஆர்கான் மட்டும் வளராமல் நின்றுவிடும். வெற்றிடம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் எனக்குத் தெரியாது. 5.9 கதிரிலேயே ஓரடிக் காற்று பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. 1.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்றால் மூன்று சென்டிமீட்டர் தாண்டுவதற்குள் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

சோதனை எதற்கு இவ்வளவு முக்கியம் என்று சிலர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. சந்திராவுக்கே நேர்ந்ததைக் கேளுங்கள். அரை கிலோமீட்டர்க் குழாயில் மாதக்கணக்கில் சோதித்த கருவி. விண்ணில் ஏறிச் சில வாரங்களில் அதன் பத்துச் சி.சி.டி. சில்லுகளில் எட்டின் திறன் மங்கத் தொடங்கியது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையத்தைக் கடக்கும்போது, அங்குள்ள குறைந்த ஆற்றல் புரோட்டான்கள் அதே கண்ணாடிகளில் உரசி, எக்ஸ்-கதிரைப் போலவே நல்லபடியாக உள்ளே இறங்கிச் சில்லைத் தாக்கியிருக்கின்றன. எக்ஸ்-கதிரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி புரோட்டானுக்கும் வழிதான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மற்ற இரண்டு சில்லுகள் வேறு வகைக் கட்டமைப்பு என்பதால் தப்பின. வளையத்தைக் கடக்கும்போதெல்லாம் கேமராவைக் குவியத்திலிருந்து ஒதுக்கி வைப்பது என்று முடிவெடுத்துக் காப்பாற்றினார்கள். அதே 1999-இன் டிசம்பரில் கிளம்பிய ஐரோப்பாவின் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி எக்ஸ்.எம்.எம்.-நியூட்டனின் குழு இதைப் பார்த்து விழித்துக்கொண்டது. நம் கியூப்சாட்டுகள் பெரும்பாலும் துருவங்களின் மேல் போகும் பாதையில்தான் இடம் பிடிக்கும், அங்கேயும் இதே துகள் தொல்லை உண்டு. ஆஸ்ட்ரோசாட்டையும், அதற்குப் பின் வந்த நம் எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் எக்ஸ்போசாட்டையும் நிலநடுக்கோட்டை ஒட்டி, 6 பாகைச் சாய்வில், 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிட்டதற்குக் காரணமே இந்தத் துகள்களிடமிருந்து ஒதுங்குவதுதான். பெரியவர்களுக்குத் தனி ராக்கெட். நமக்கு யாரோ போகிற பாதையில் ஒட்டிக்கொள்ளும் டிக்கெட். ஆகவே கருவி தானாக அணைந்து தானாக விழித்துக்கொள்ள வேண்டும், அதையும் மேசைமேல் பழக்கிவிட வேண்டும்.

அழுக்கு இன்னொரு எதிரி. பசை, வர்ணம், கேபிள் உறை எல்லாமே வெற்றிடத்தில் ஆவி விடும். அந்த ஆவி குளிர்ந்த இடம் தேடிப் போய்ப் படியும். கருவியிலேயே குளிர்ந்த இடம் சி.சி.டி. சில்லு. சந்திராவின் கேமரா வடிகட்டியில் இப்படிப் படிந்த படலம், குறைந்த ஆற்றல் கதிருக்கான அதன் கூர்மையை வருடாவருடம் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆஸ்ட்ரோசாட் ஏவிய மறுநாளே கேமராக் கதவைத் திறந்துவிடவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் ஆவியெல்லாம் அடங்கட்டும் என்று காத்திருந்து, அக்டோபர் கடைசியில்தான் மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி முதல் ஒளியைப் பார்த்தது. நீங்கள் எந்தப் பசையை எடுத்தாலும் முதலில் அடுப்பில் வாட்டி, எடை குறைகிறதா என்று பாருங்கள்.

வெயிலும் அப்படித்தான். ஒரு பக்கம் சூரியன், மறுபக்கம் நிழல், நடுவில் 20 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள 30 சென்டிமீட்டர் அலுமினியச் சட்டம் 0.2 மில்லிமீட்டர் வளையும். டைம்பிக்ஸ் சில்லின் ஒரு புள்ளி 55 மைக்ரான். பிம்பம் நான்கு புள்ளி தள்ளிப் போய்விடும், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும். மே மாத வெயிலில் ஒரு சட்டத்தைப் பாதி நிழலில் வைத்து, லேசர் முனை சுவரில் எவ்வளவு நகர்கிறது என்று குறியுங்கள். செலவு கிடையாது.

செயற்கைக்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடையில் ஒரு படி இருக்கிறது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தை வேலை முடிந்ததும் வீணாக்காமல் சோதனைத் தளமாகச் சுற்றவிடும் ‘போயம்’ திட்டத்தை இஸ்ரோ 2022 ஜூன் 30 முதல் நடத்துகிறது. 2024 புத்தாண்டு அன்று எக்ஸ்போசாட்டை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் போயமில், திருவனந்தபுரத்து எல்.பி.எஸ். மகளிர் பொறியியல் கல்லூரி மாணவிகளின் கருவி போனது. மின்சாரமும் தொடர்பும் தளமே தரும், நீங்கள் கருவியை மட்டும் கொண்டுபோனால் போதும். விண்மீனைக் குறிபார்த்து நிற்க அது ஏற்ற இடம் இல்லை. ஆனால் உங்கள் உணர்வி அங்கே எத்தனை இரைச்சல் வாங்குகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி வேறெது? தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாயிற்று. இடம் கேட்டு வரிசையில் நிற்கப்போகும் கல்லூரிகள் ஏராளம். சோதித்த கருவியும், சோதித்த பதிவேடும் கையில் இருப்பவர் வரிசையில் முந்துவார்.

ஆசிரியர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இறுதியாண்டு புராஜெக்ட் ஒவ்வொரு ஏப்ரலிலும் செத்துப் போகிறது. பைண்டிங் போட்ட புத்தகம் அலமாரிக்குப் போகும், அடுத்த அணி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். குழாய் ஒன்று நிலையாக இருந்தால் ஒரு அணி விட்ட இடத்தில் அடுத்தது தொடங்கலாம். இந்த ஆண்டு வெற்றிடம், அடுத்த ஆண்டு உணர்வி, அதற்கடுத்த ஆண்டு ஒற்றைத் தட்டைத் தகட்டில் தங்கம் பூசிக் கோணத்துக்குக் கோணம் எகிறும் அளவு. தோற்ற சோதனைக்கும் முழு மதிப்பெண் போடுங்கள், காரணத்தைக் கண்டுபிடித்திருந்தால். ‘நம் மாணவர் செயற்கைக்கோள்’ என்று பதாகை கட்டி, வெளியிலிருந்து வாங்கிய பெட்டியில் பெயர் ஒட்டி அனுப்புவதை நான் மாணவர் செயற்கைக்கோள் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏவிய அன்று எடுத்த படம் எல்லோரிடமும் இருக்கும். அது அனுப்பிய தரவைக் கேட்டால் பதில் இருக்காது.

பெண்கள் கல்லூரி மாணவிகளுக்கும் ஒன்று. வெல்டிங், பம்பு, ஸ்பானர் என்றதும் ‘அதெல்லாம் பசங்க வேலை’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அறிவொளி இயக்கக் காலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் கற்றுக்கொண்டு தெருவில் இறங்கிய மாவட்டம் இது. இரண்டு எக்ஸ்-கதிர்க் கருவிகளைச் சுமந்து 2023-இல் சூரியனை நோக்கிப் போன ஆதித்யா-எல்1 திட்டத்தின் இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி செங்கோட்டைக்காரர். ஸ்பானரை நீங்களே எடுங்கள்.

கடைசியாக, உடனே செய்ய வேண்டியவை. எக்ஸ்-கதிர்க் குழலும் கதிரியக்க மூலமும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. அவர்களுடைய ஈ-லோரா இணையதளத்தில் கல்லூரி முதலில் பதிவு செய்ய வேண்டும், கதிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். இதற்குத்தான் நாள் பிடிக்கும், குழாய்க்கு இல்லை. ஆகவே பட்டறைக்குப் போகும் முன் இந்த விண்ணப்பத்தைப் போடுங்கள். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எக்ஸ்போசாட்டின் போலிக்ஸ் கருவியைச் செய்தவர்கள் அவர்கள், இரவுப் பேருந்தில் ஏறினால் காலையில் போய்விடலாம். அதற்கிடையில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் கல்லூரியில் மழைத் தண்ணீர் ஏறாத, ஆள் நடமாட்டத்தை அடைத்து வைக்கக்கூடிய, 15 மீட்டருக்குக் குறையாத வராந்தா எது என்று அளந்து, முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்துக்காரன்